ஹெப்பகோடிக்குப் போய் வந்த லேடீஸ் சைக்கிள்

பெயர்: பாமா. பால்: ஆண். வயது: இருபத்தாறு. தந்தையின் பெயர்: ஷங்கர்.

ஆஸ்டின் டவுன்வாசிகளை ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்துப் படம் பிடித்துக் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டை இப்படிச் சொன்னது. அதில் சரியாக இருந்தது பெயர் மட்டும். பாமாவுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குத் தாய். ஷங்கர் அவருடைய கணவர். ஆனால் ஷங்கரைத் தகப்பனாராக்கிய விஷயத்தில் அட்டை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து ஷங்கர் கணவராக நடந்துகொண்ட நேரத்தைவிடத் தகப்பனாராக நடந்துகொண்ட நேரம்தான் அதிகம்.

திருத்துவதற்காக பாமா இரண்டு முறை அலைந்தார். முதல் முறை, தான் பெண் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நேரில் வந்து நிற்பது அத்தாட்சி ஆகாதாம். இரண்டாம் முறை, அட்டை தப்பு என்று பொறுப்புள்ள ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அரசாங்க முத்திரை குத்திய அட்டையைத் தப்பு என்று எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் பொறுப்புள்ளவர் யாரும் அகப்படவில்லை. ஓட்டுப் போடுவதற்குப் பெண்ணாக இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லையே என்று பாமா அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கன்னிங்ஹாம் சாலையில் ஓர் அச்சகத்தின் கணக்குப் பிரிவில் பாமாவுக்கு வேலை. போவதும் வருவதும் சைக்கிளில். முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயினுக்கு முழு மூடி, கியர் என்ற பேச்சே இல்லாத பச்சை நிற லேடீஸ் சைக்கிள். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் பாமா ஆபீஸில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். வழியில் மார்க்கெட், தையல்காரர், சிநேகிதி வீடு என்று எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நிற்பார். யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. 'எப்ப வருவே?' என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்த சைக்கிளின் சீட்தான் என்று சிநேகிதிகளிடம் சொல்வார்.

இது தவிர பாமாவுக்கு ஒரு புகழும் உண்டு. ஆஸ்டின் டவுன் நண்பர்கள் மன்றம் ஒவ்வொரு குடியரசு தினத்திலும் பெண்களுக்கு மெது சைக்கிள் போட்டி நடத்தும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒடுக்கமான பாதை. கடைசியில் வந்து சேருகிறவருக்கு முதல் பரிசு. நடுவில் கால் தரையில் பட்டால் வெளியேற வேண்டியதுதான். மற்ற பெண்கள் பாதிப் பாதையில் ஆடி அசைந்து காலை ஊன்றிக்கொண்டிருக்க, பாமா மட்டும் ஹேண்டிலை இம்மி இம்மியாகத் திருப்பி, அரைப் பெடல் மிதித்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டு, நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் நகர்ந்துகொண்டிருப்பார். வருடா வருடம் அவருக்குத்தான் முதல் பரிசு. வருடா வருடம் அது ஹாட்பேக்தான். மெதுவாகப் போவதில் அந்த வார்டிலேயே அவரை முந்த ஆளில்லை.

1996 தீபாவளி கழிந்து ஷங்கர் ஜெயநகரில் ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளர் ஆனார். மேலாளர் ஆனதும் வீட்டில் இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் பதவிக்குப் பொருந்துமா என்று யோசித்தார். சோபா பொருந்தியது. ஸ்கூட்டர் பொருந்தியது. சைக்கிள் பொருந்தவில்லை.

"மேனேஜர் பொண்டாட்டி கூடையில கத்திரிக்கா வச்சிக்கிட்டு சைக்கிள்ல போறா. பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

"கத்திரிக்கா என்ன வெலைன்னு நெனைப்பான்" என்றார் பாமா.

"வெளையாடாத. நான்தான் ஸ்கூட்டர் வச்சிருக்கேன்ல. நானே கூட்டிட்டுப் போய் விடறேன்."

பழைய இரும்பு வாங்கும் பெட்டிக்கண்ணு தள்ளுவண்டியோடு இரண்டு ஞாயிறு வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு தடவையும் பாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். துடைக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. துணியைத்தான் துவைக்க வேண்டியதாயிற்று.

விஷயம் இப்படி இழுபறியாக இருந்தபோதுதான் மன்றத்தின் செயலாளர் பெருமாள்சாமி வீட்டுக்கு வந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், முன்னேற்றத்தில் தீராத நம்பிக்கை உள்ளவர். எத்தனை வருடம்தான் சைக்கிளை மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருப்பது என்று தோன்றி, இந்த வருடம் காலையில் ஒரு பெரிய சாலைப் பந்தயம் என்று முடிவெடுத்துவிட்டார். ஆஸ்டின் டவுன் மைதானத்தில் புறப்பட்டு, ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடி போய், அங்கிருந்து உள்சாலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஆஞ்சநேயர் கோயிலில் திரும்பி வரவேண்டும். மேலாளர் ஆன கையோடு ஷங்கரை மன்றத்தின் துணைத் தலைவராகவும் ஆக்கியிருந்தார்கள். அதனால் அச்சடித்த நோட்டீஸ் முதலில் அவர் கைக்கு வந்தது.

ஷங்கர் நோட்டீஸைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பாமா காபி டம்ளரை வைத்துவிட்டு, "நானும் ஓட்டறேன் அண்ணே" என்றார்.

பெருமாள்சாமி சிரிக்கலாமா என்று ஷங்கரைப் பார்த்தார். ஷங்கர் நோட்டீஸின் கடைசி வரிவரை படித்து முடித்து, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, தாராளமாகச் சிரித்தார்.

"ஓட்டேன். யாரு வேணாங்கறா? பெருமாள்சாமி, நீங்க சாட்சி. இவ சைக்கிள் மேல போய் சைக்கிள் மேலயே திரும்பி வந்தான்னா, அதை விக்கற பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். நடுவுல எறங்கி, பின்னால வர்ற மன்றத்து டெம்போவுல ஏறுனா, அன்னிக்கே பெட்டிக்கண்ணு வண்டியில அதுவும் ஏறிடும். சரியா?"

"சரி" என்றார் பாமா.

ஷங்கர் நோட்டீஸை நீட்டினார். கடைசி வரி: 'பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண்கள் மட்டும். வாக்காளர் அட்டை அவசியம்.'

பாமா அதை இரண்டு முறை படித்தார். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தோற்றுப்போனார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் பீரோச் சாவியைத் தேடப் போயிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஹார்டுவேர் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே அட்டையை வைத்தார். பெருமாள்சாமி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார்.

"இது தப்பும்மா."

"சீல் இருக்குது பாருங்க அண்ணே."

"சீல் இருக்குது. ஆனா தங்கச்சி, நீ ஆம்பளையா?"

"நான் எங்க சொன்னேன்? கார்டு சொல்லுது. கார்டு தப்புன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. அதக் கொண்டு போய் திருத்திக்கறேன். அந்த லெட்டருக்குத்தான் நான் அலையா அலைஞ்சேன்."

பெருமாள்சாமி பேனாவை எடுத்தார். அரசாங்க முத்திரையைப் பார்த்தார். தன் கடை உரிமம் சுவரில் தொங்குவதையும் அதிலும் இதே மாதிரி ஒரு முத்திரை இருப்பதையும் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு, எண் எழுதிய துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"முதுகுல குத்திக்கோ. மேனேஜர் சார் கேட்டா நான் கடையில இல்லைன்னு சொல்லிடு."

பாமா அன்றிலிருந்து விடியற்காலையில் எழுந்து மடிவாளா வரை ஓட்டினார். அடுத்த வாரம் பொம்மனஹள்ளி வரை. லாரிகள் தூக்கிப் போடும் காற்றில் சைக்கிள் ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கும். முதல் நாள் பயந்தார். பிறகு லாரி வரும் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கமாகவே கொஞ்சம் சாய்ந்துகொள்ளக் கற்றுக்கொண்டார். முட்டி வலித்தது. தைலம் தடவிக்கொண்டு மறுபடி போனார். ஷங்கர் காலை காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டு, காபி நன்றாக இல்லை என்பதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தார்.

பெருமாள்சாமியும் சும்மா இருக்கவில்லை. பந்தயத்துக்கு விதிகள் வேண்டுமே. சாலைப் பந்தயத்தின் விதி அவருக்கு என்ன தெரியும்? மன்றத்தின் கையில் இருந்தது மெது சைக்கிள் போட்டியின் விதித்தாள் ஒன்றுதான். அதையே எடுத்து, 'கடைசியில் வருபவர் வென்றவர்' என்பதை 'முதலில் வருபவர்' என்று மாற்றினார். மற்றதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். போலீஸ் அனுமதி வாங்கினார், மைக் செட்டுக்கு அனுமதி வாங்கினார், வாழைப்பழக் கடைக்காரரிடம் பழத்துக்குச் சொன்னார். ரயில் எப்போது வரும் என்று மட்டும் ரயில்வேயைக் கேட்கவில்லை.

1997ஆம் வருடக் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து ஒரு விடுமுறையை விழுங்கிவிட்டது. அந்தக் கடுப்போ என்னவோ, மைதானத்தில் நல்ல கூட்டம். முப்பது பேருக்குக் குறையாத பையன்கள். பெரும்பாலும் சாதாரண சைக்கிள்கள், சிலவற்றுக்கு மட்கார்டு கழற்றப்பட்டிருந்தது. நிஜமான ரேஸ் சைக்கிளும், தொடையோடு ஒட்டிய கறுப்பு நிக்கரும், ஹெல்மெட்டும் ராஜேஷ்குமார் ஒருவனிடம்தான் இருந்தன. கப் தனக்குத்தான் என்று அவன் வீட்டு ஷோகேஸில் இடம்கூட ஒதுக்கிவிட்டு வந்திருந்தான். இவர்களுக்குப் பின்னால், மகளுடைய சுடிதாரில், கூடையில் தண்ணீர்ப் புட்டியோடு பாமா.

பெண்கள் பந்தயம் மாலையில்தான் என்று இரண்டு பேர் அவரிடம் அன்போடு சொல்லிவிட்டுப் போனார்கள். மைதானத்து ஓரத்தில் பெட்டிக்கண்ணு தன் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். ஷங்கர்தான் வரச்சொல்லியிருந்தார். பாமாவின் முதுகில் எண்ணைப் பார்த்த ஷங்கர் பெருமாள்சாமியைத் தேடினார். பெருமாள்சாமி மைக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

"ரூல் நம்பர் ஒண்ணு, யாரையும் இடிக்கக் கூடாது. ரூல் நம்பர் ரெண்டு, முதல்ல வர்றவங்க வின்னர். ரூல் நம்பர் மூணு, டெம்போ உங்கள முந்திடுச்சின்னா டெம்போவுல ஏறிடணும். ரூல் நம்பர் நாலு, கால் தரையில பட்டா அவுட்."

பையன்கள் ஹோ என்று சிரித்தார்கள். "அங்க்கிள், பறந்து போகணுமா?" என்று ஒருவன் கத்தினான். விசில் ஊதப்பட்டது. விதிகளைக் கடைசிவரை கேட்டவர் பாமா ஒருவர்தான். நாலாவது விதி அவருக்குப் பழைய சிநேகிதம்.

ஓசூர் ரோடு ஏறும்போதே பையன்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். பாமாவுக்குத் துணை, பின்னால் உறுமிக்கொண்டு வந்த டெம்போ. அதை ஓட்டியவர் நாணு, மடிவாளாவில் தமிழும் கன்னடமும் கலந்து வளர்ந்தவர். அவர் பக்கத்தில் ஷங்கர். பின்தங்கியவர்களை ஏற்றிவரும் பொறுப்பைத் துணைத் தலைவர் தானாகவே கேட்டு வாங்கியிருந்தார். சைக்கிள் வைப்பதற்கு டெம்போவில் முதல் ஆளாக இடமும் பார்த்து வைத்திருந்தார்.

பாமா யாரையும் துரத்தவில்லை. துரத்த யாரும் கண்ணில் படவில்லை. ஒரே சீராக மிதித்தார். பொம்மனஹள்ளி, கூட்லு கேட், எலெக்ட்ரானிக் சிட்டி என்று பலகைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஹெப்பகோடியில் உள்ளே திரும்பியபோது தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது. யாரோ அடிபட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். கிட்டே போனால், முப்பது பந்தயக்காரர்களும் ரயில்வே கேட்டின் முன்னால் நின்றிருந்தார்கள்.

கேட் மூடி வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு கூட்ஸ் போய்விட்டது, அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து பாசஞ்சர் வரவேண்டும் என்றார் கேட் கீப்பர். கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையப் போன இரண்டு பேரைப் பெருமாள்சாமி ஸ்கூட்டரில் வந்து மறித்து, நுழைந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று நிறுத்தி வைத்திருந்தார். பையன்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வாழைப்பழம் தின்றார்கள். ராஜேஷ்குமார் சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தான்.

"பாமாக்கா வந்துட்டாங்க டோய்!"

"எறங்குங்கக்கா, பழம் சாப்பிடுங்க. ட்ரெய்ன் இப்ப வர்ற மாதிரி தெரியல."

பாமா இறங்கவில்லை. கேட்டைப் பார்த்த உடனேயே வேகத்தைக் குறைத்திருந்தார். இப்போது மாலை நேரத்து மைதானத்தில் போவதுபோல் ஆரம்பித்தார். ஹேண்டில் இந்தப் பக்கம் இம்மி, அந்தப் பக்கம் இம்மி. அரைப் பெடல். பிரேக்கில் விரல். இடம் கிடைத்தபோது சாலையின் குறுக்கே ஒரு சின்ன வட்டம். மறுபடி அரைப் பெடல். கன்னத்தில் வேர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பையன்களுக்குப் பொழுதுபோக்குக் கிடைத்துவிட்டது. விசில் அடித்தார்கள். "அக்கா, இது காலை ரேஸு. ஸ்லோ ரேஸு சாயங்காலம்" என்றான் ராஜேஷ்குமார்.

"தெரியும் தம்பி. உன் கால் எங்க இருக்குதுன்னு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒன்றும் புரியாமல் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துத் தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினான்.

டெம்போவுக்குள் ஷங்கர் இருப்புக் கொள்ளாமல் இருந்தார். "விழப் போறா, பாரு. இதோ விழுந்துடுவா."

"விழ மாட்டாங்க ஸார்" என்றார் நாணு. "வருஷா வருஷம் நான் பாக்கறேனே. நீங்க வந்து பாத்ததில்லையா?"

ஷங்கர் பார்த்ததில்லை. ஹாட்பேக்குகளைத்தான் பார்த்திருந்தார்.

பாசஞ்சர் வந்தது, போனது. கேட் நடுங்கிக்கொண்டு மேலே எழுந்தது. ஒரே சமயத்தில் முப்பது பேர் சாய்ந்த சைக்கிளை நிமிர்த்தினார்கள். ஒருவன் பெடல் இன்னொருவன் சக்கரக் கம்பிக்குள் போனது. பழத்தோலை மிதித்து ஒருவன் சறுக்கினான். ராஜேஷ்குமார் வார் மாட்டிய பெடலில் ஷூவை நுழைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு சக்கரம் இடித்து, அவன் சைக்கிளோடு சாய்ந்தான். பாமா மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தவர். நடுவில் இருந்த இடைவெளியில் புகுந்து, தண்டவாளத்தில் கடகடவென்று ஏறி இறங்கி, முன்னால் போய்விட்டார்.

ஆஞ்சநேயர் கோயிலில் சைக்கிளை நிறுத்தாமலே கையை நீட்டி, மணிக்கட்டில் மன்றத்தின் முத்திரையை முதலில் வாங்கிக்கொண்டு திரும்பியவர் அவர்தான். அந்தச் சில நிமிடங்களுக்குப் பந்தயத்தின் முன்னணியில் இருந்தவர், அரசாங்கக் கணக்குப்படி, இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர்.

அப்புறம் இயற்கை தன் வேலையைச் செய்தது. ஹெப்பகோடி வருவதற்குள் பையன்கள் கொத்துக் கொத்தாக அவரைத் தாண்டினார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி வரும்போது பழையபடி முன்னால் யாரும் இல்லை, பின்னால் டெம்போ. வெயில் ஏறிவிட்டது. எதிர்க்காற்று. போகும்போது இறக்கமாக இருந்ததை எல்லாம் யாரோ ஏற்றமாக மாற்றி வைத்திருந்தார்கள்.

"பாமா, போதும். ஏறு" என்று ஷங்கர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மூஞ்சப் பாரு, தக்காளி மாதிரி இருக்குது."

"மூஞ்சப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க."

"நாணு, கொஞ்சம் வேகமா போய்யா. தாண்டிடு."

"தாண்டலாம் ஸார். ஆனா டெம்போவுக்கும் ரூல் ஒண்ணாம் நம்பர் இருக்குதே, இடிக்கக் கூடாதுன்னு. அக்கா நடு ரோட்டுல போறாங்க." பாமா உண்மையில் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். நாணு கியரை மாற்றினார். "ஒரு விஷயம் கேக்கட்டா ஸார்? சைக்கிள் போச்சுன்னா அக்காவ தினம் ஆபீஸுக்கு யாரு விடுவாங்க?"

"நான்தான்."

"அவங்க ஆபீஸு கன்னிங்ஹாம் ரோடு. உங்க பேங்கு ஜெயநகர். அது வடக்க, இது தெக்க." நாணு சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "காலைல அந்த ட்ராஃபிக்ல போய் விட்டுட்டு திரும்பி வரணும். சாயங்காலம் மறுபடி. பரவால்ல ஸார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கணும், கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

ஷங்கர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பாமாவை ஏறச் சொல்லவில்லை. மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. கணக்கு மாறியிருந்தது.

சில்க் போர்டு சந்திப்பில் சிக்னல் சிவப்பு. பாமா மறுபடி வட்டமடிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை கால்கள் நடுங்கின. பின்சக்கரம் ஒரு முறை வழுக்கியது. போக்குவரத்துக் கான்ஸ்டபிள் விசில் ஊதிக்கொண்டே வந்து, "ஏனம்மா, கெளகே இளீரி!" என்று கீழே இறங்கச் சொன்னார்.

பாமாவுக்குப் பேச மூச்சு இல்லை. தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று. கான்ஸ்டபிள் ஹேண்டிலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க ஸார்!" டெம்போவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தியவர் ஷங்கர். "ரேஸு நடக்குது! அவங்க கால் வைக்கக் கூடாது!"

"ரேஸா? இவங்களா?" என்றார் கான்ஸ்டபிள் தமிழில். "யாரு இவங்க?"

ஷங்கர் ஒரு கணம் யோசித்தார். அவருடைய பதவியும், கூட்டமும், வேர்த்து வழியும் சுடிதாரும் அவர் கண்முன் இருந்தன. "என் மிஸஸ்" என்றார்.

விளக்குப் பச்சையானது. மூவருக்குமே நிம்மதி.

மைதானத்துக்குள் பாமா நுழைந்தபோது கப்பைக் கொடுத்து முடித்திருந்தார்கள். வாங்கியவன் ஹரிஷ்குமார் என்ற பையன். எதிர்பார்க்காத கப் என்பதால் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குடம் மாதிரி இடுப்பில் வைத்திருந்தான். பாமா சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார், காலை ஊன்றினார், ஊன்றிய கால் மடங்கிச் சைக்கிளோடு பக்கவாட்டில் விழுந்தார். பெட்டிக்கண்ணு ஓடிவந்து முதலில் சைக்கிளைத் தூக்கினார். எடையைப் பார்க்கத்தான் தூக்கினார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் இரண்டாவதாக வந்த ராஜேஷ்குமார், தோலுரிந்த முழங்கையோடு மேடைக்கு வந்தான்.

"அங்க்கிள், ஜென்ட்ஸ் ரேஸுல லேடீஸ் எப்படி ஓட்டலாம்? கேட்டுல அவங்க குறுக்க சுத்துனதாலதான் நான் விழுந்தேன். அவங்க பேரை எடுங்க. ரேஸை மறுபடி வைங்க."

"கார்டுல வந்து..." என்று ஆரம்பித்தார் பெருமாள்சாமி.

"கார்டு கெடக்கட்டும். உங்களுக்கு கண்ணு தெரியலையா?"

கூட்டம் சிரித்தது. பெருமாள்சாமி ஷங்கரைப் பார்த்தார். பெயரை அடித்துவிட்டால் பாமா பந்தயத்தில் ஓடியதாகவே ஆகாது. ஓடாதவர் எப்படித் திரும்பி வர முடியும்? ஷங்கர் தள்ளுவண்டியைப் பார்த்தார். பெட்டிக்கண்ணு சைக்கிளின் ஹேண்டிலை விடாமல் பிடித்தபடி முடிவுக்குக் காத்திருந்தார். பெருமாள்சாமி பேனாவைத் திறந்தார்.

பாமா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து குளுக்கோஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடிங்க அண்ணே. ரூல்படி அடிக்கணும்னா, எல்லாத்தையும் ரூல்படியே அடிங்க. நாலாவது ரூல மைக்குல படிங்க."

பெருமாள்சாமி தாளை எடுத்தார். தான் எழுதியதைத் தானே முதல் முறையாகப் படிக்கிறவர்போல் படித்தார். "கால்... தரையில பட்டா... அவுட்."

"கேட்டுல யாரு யாரு கால் தரையில இருந்துச்சு?"

ராஜேஷ்குமார் தன் காலைப் பார்த்தான். இப்போது புரிந்தது.

"எல்லாருதும்" என்றான் ஒரு பையன், பின்னாலிருந்து.

"அக்காவோடது படல" என்றார் நாணு. "போகும்போதும் படல, வரும்போதும் படல. நான் பின்னாலயேதான் இருந்தேன். சில்க் போர்டுல போலீஸே சாட்சி. மேனேஜர் சாரும் சாட்சி."

எல்லோரும் ஷங்கரைப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர், குறிப்பாகக் கூட்டத்தில். "படல" என்றார்.

பெருமாள்சாமி பந்தயத்தைப் பற்றி மறுபடி யோசித்தார். நாலாவது விதியைப் பார்த்தால் ஆண்கள் அத்தனை பேரும் அவுட். நோட்டீஸின் கடைசி வரியைப் பார்த்தால் பாமாவும் அவுட். அப்படியானால் மன்றத்தின் முதல் மாபெரும் சாலைப் பந்தயத்தில் யாருமே ஓடவில்லை. அட்டையைப் பார்த்தாலோ, ஓடிய ஒரே ஆண் பாமா.

"அப்ப கப்பு தங்கச்சிக்கா?" என்றார் மெதுவாக. ஹரிஷ்குமார் கப்பை இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டான்.

"எனக்கு கப்பு வேணாம். வீட்டுல ஹாட்பேக் வைக்கவே எடம் இல்ல. அந்தத் தம்பிதான் முன்னால வந்தான், அவனே வச்சிக்கட்டும்." பாமா தரையில் கையை ஊன்றி எழுந்து நின்றார். முட்டி இரண்டும் தனித்தனியாக ஆடின. "நான் கடைசில வந்தேன். கடைசின்னு படிங்க. ஆனா பேரோட படிங்க. இல்லன்னா நாலாவது ரூல எல்லாருக்கும் போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

பெருமாள்சாமி பேனாவை மூடினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். முதலாவது ஹரிஷ்குமார், இரண்டாவது ராஜேஷ்குமார் என்று தொடங்கி வரிசையாகப் படித்துக்கொண்டே போனார். படித்து முடிக்கும்வரை பாமா நின்றுகொண்டே இருந்தார். கடைசிப் பெயர் வந்தபோது மைக் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பெட்டிக்கண்ணு ஷங்கர் பக்கம் வந்தார். "ஸார், சைக்கிளு?"

"பழைய பேப்பர் நெறைய இருக்குது. வீட்டுக்கு வா" என்றார் ஷங்கர்.

அன்று மாலை மெது சைக்கிள் போட்டியில் பாமா தோற்றார். கால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வேகமாகப் போய், முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டிவிட்டார். ஹாட்பேக் வேறு ஒருவருக்குப் போயிற்று. வாக்காளர் அட்டையை அதற்குப் பிறகும் யாரும் திருத்தித் தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாமா ஆஸ்டின் டவுனிலிருந்து ஹெப்பகோடி தாண்டி ஆஞ்சநேயர் கோயில் வரை சைக்கிளில் போனார். வழியில் எங்கும் கால் ஊன்றாமல் சைக்கிளிலேயே திரும்பி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். திங்கட்கிழமை காலை அதே சைக்கிளில் வேலைக்குப் போனார்.